எத்தனை மாதத்திற்குக் கையெழுத்து

ஈசூன், சிங்கப்பூர்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கதிருக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் வீட்டு மின்சார ஒப்பந்தம் செப்டம்பர் 30ஆம் தேதியோடு முடிகிறது என்று விற்பனை நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. உன் வீட்டில் புதுப்பிப்பு வேலை நடந்தபோது கடிதங்கள் தொலைந்துவிடக் கூடாதென்று எங்கள் முகவரியைக் கொடுத்தாய். நான்கு ஆண்டுகளாகியும் அதை மாற்றவில்லை. "பிரித்துப் பாருங்கள் அப்பா, முக்கியமானதாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்" என்றவனும் நீதான். இது முக்கியம் என்று வாட்ஸ்அப்பில் இரண்டு முறை சொல்லிவிட்டேன். நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. அதனால் தாளில் எழுதுகிறேன். கணக்கு என்றால் எனக்குத் தாளில்தான் வரும், உனக்குத் தெரியாததல்ல.

முதலில், ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஒப்பந்தத்தில் பார். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் விதி அதில் இருந்தால், அவர்கள் இப்போது போட்டிருக்கும் விலைக்கு நீ மறுபடியும் கட்டுப்பட்டுவிடுவாய். அந்த விதி உள்ள இடத்தில் பேசாமல் இருப்பதையே சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள்.

நாட்டின் மின்கம்பிகளைப் பராமரிக்கும் எஸ்பி குழுமத்திற்கே, அதாவது சிங்கப்பூர் பவருக்கே, திரும்பிவிடலாம். அங்கே ஒப்பந்தம் கிடையாது, விட்டுப் போனால் அபராதமும் கிடையாது. ஆனால் கட்டணம் மூன்று மாதத்திற்கு ஒருமுறை மாறும். இந்தக் காலாண்டில் யூனிட்டுக்கு 27.47 காசு, 9 விழுக்காட்டுப் பொருள், சேவை வரியோடு 29.94 காசு. விற்பனை நிறுவனங்களிடம் போனால், அந்த எஸ்பி கட்டணத்திலிருந்து குறிப்பிட்ட விழுக்காடு கழித்துத் தரும் தள்ளுபடித் திட்டம் உண்டு; ஒப்பந்தம் முடியும்வரை ஒரே விலையாக நிற்கும் நிலையான விலைத் திட்டமும் உண்டு. நீ இப்போது வைத்திருப்பது நிலையான விலைத் திட்டம். எதை எடுத்தாலும் வருவது அதே மின்சாரம், அதே கம்பி, அதே மீட்டர். விற்பனையாளரை மாற்றினால் விளக்கு மங்கும் என்று கீழ் வீட்டுக்காரர் இன்னமும் நம்புகிறார். முப்பத்தொரு ஆண்டுகள் செம்பவாங் கப்பல் பட்டறையில் மின்வேலை பார்த்தவன் சொல்லியும் அவர் கேட்கவில்லை. விற்பனையாளரை மாற்றினாலும், கட்டணத்தில் அரசு தரும் யூ-சேவ் கழிவு நிற்காது. ஜூலையில் உன் கணக்கில் அது வரவாகியிருப்பதைப் பார்த்தேன்.

நிலையான விலையை நான் குறை சொல்ல மாட்டேன். நம் நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அந்த எரிவாயு முழுவதும் வெளியிலிருந்து வருகிறது. உலகத்தில் எங்கே எது நடந்தாலும் அது நம் வீட்டுக் கட்டணத்தில் வந்து நிற்கும். 2020 ஜூலையில் வரி சேர்க்காமல் 19.60 காசாக இருந்த எஸ்பி கட்டணம், 2022 ஜூலையில் 30.17 காசாகிவிட்டது. ஏறுவதற்கு முன் விலையை நிலைப்படுத்திக்கொண்டவர்கள் அந்த இரண்டு ஆண்டுகள் நிம்மதியாகத் தூங்கினார்கள். விலை இறங்குமுகமாகிவிட்டாலோ, ஊருக்கெல்லாம் குறையும், உனக்கு மட்டும் குறையாது. மின் நிலையங்கள் வெளியிடும் கரிம வாயுவுக்கான கரிம வரியும் அடுத்த ஆண்டு டன்னுக்கு 25 வெள்ளியிலிருந்து 45 வெள்ளியாக உயர்கிறது. அந்த உயர்வை விற்பனை நிறுவனத்தார் ஏற்கிறார்களா, உன் தலையில் போடுகிறார்களா என்று சிறு எழுத்தில் தேடிப் பார். ஒப்பந்தக் காலத்தையும் பார்த்துக் கையெழுத்திடு. விலையை எல்லாரும் பார்க்கிறார்கள், காலத்தை யாரும் பார்ப்பதில்லை.

இனி உன் கணக்குக்கு வருகிறேன். புதிய திட்டம் வரியோடு 27 காசு என்று வைத்துக்கொள்வோம். எஸ்பியைவிட யூனிட்டுக்கு ஏறக்குறைய 3 காசு மிச்சம். ஏப்ரலில் நீங்கள் செலவழித்தது 412 யூனிட். மே மாதம் 405. அந்த அளவில் மாதம் 12 வெள்ளி மிச்சமாகும். 24 மாதத்தில் 290 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. கையெழுத்திடத் தகுந்த தொகைதான். ஆனால் ஜூன் மாதக் கட்டணச் சீட்டில் 178 யூனிட். ஜூலையில் 170. இந்த அளவில் மிச்சம் மாதம் 5 வெள்ளிதான். ஆகவே, எந்தத் திட்டம் என்று நான் சொல்வதற்கு முன், 170 நிலைக்குமா அல்லது 410க்குத் திரும்புமா என்பது எனக்குத் தெரிய வேண்டும். கணக்குக்காகத்தான் கேட்கிறேன்.

நானாகவே சில காரணங்களை எண்ணிப் பார்த்தேன். மீட்டர் பழுதாக இருக்குமோ என்று முதலில் நினைத்தேன். மீட்டர் அப்படி ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் குறைத்துக் காட்டுவது மிக அரிது. மருமகள் யாழினி கேக் செய்வதை நிறுத்தியிருக்கலாம். அந்த அடுப்பு 2 கிலோவாட். வாரத்திற்கு நான்கு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் மாதம் அறுபது யூனிட்டுக்கு மேல் அது ஒன்றே சாப்பிடும். இரவில் ஏர்கானை விட்டு மின்விசிறிக்கு மாறியிருக்கலாம். அப்படியென்றால் மகிழ்ச்சி, சிறு வயதில் உனக்கு அந்தப் பழக்கத்தைக் கொண்டுவர நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் எஸ்பி சீட்டில் மின்சாரத்திற்குக் கீழே தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. அது 16 கன மீட்டரிலிருந்து 6 கன மீட்டராகியிருக்கிறது. ஏர்கானை அணைக்கலாம், கேக் அடுப்பை மூடி வைக்கலாம். குளிப்பதை யாரும் குறைத்துக்கொள்வதில்லை. தண்ணீரைப் பற்றி நான் இதற்கு மேல் எழுதப் போவதில்லை. தண்ணீருக்கு விற்பனையாளரை மாற்ற முடியாது, ஆகவே அது இந்தக் கடிதத்துக்குரிய பொருளும் அல்ல.

கேக் அடுப்பு ஓடுகிறதா, இல்லையா என்பதை மட்டும் சொல்.

அந்த வீட்டுக்கு நீங்கள் குடிபோன வாரத்தில் மின்பெட்டியைத் திறந்து காட்டினாய், நினைவிருக்கிறதா? எந்தச் சுவிட்சு எந்த அறைக்கு என்று நீ சொல்லச் சொல்ல, யாழினி சிறு சிறு காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தாள். கூடம், பெரிய அறை, சிறிய அறை, தண்ணீர்ச் சூடேற்றி. கடைசிச் சுவிட்சில் மட்டும் 'கேக் - தொடாதே' என்று இருந்தது. பட்டறையில் எத்தனையோ மின்பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். என் மகன் வீட்டுப் பெட்டியைப் போல ஒழுங்கான பெட்டியைப் பார்த்ததில்லை என்று அன்றிரவு உன் அம்மாவிடம் சொன்னேன். உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஒப்பந்தக் காலத்துக்கு மறுபடியும் வருகிறேன். 6 மாதம், 12 மாதம், 24 மாதம், 36 மாதம் என்று வைத்திருக்கிறார்கள். இடையில் முறித்தால் அபராதம். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வீட்டை விற்றாலோ வாடகைக்கு விட்டாலோ என்ன ஆகும், ஒப்பந்தத்தைப் புது முகவரிக்குக் கொண்டுபோக விடுவார்களா என்பதையும் கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேட்டு வாங்கு. வீட்டை விற்பாய் என்று நான் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இது.

இதில் நான் சூடுபட்டவன். 2018 ஏப்ரலில் ஜூரோங்கில் தொடங்கிய வீட்டுக்காரர்களே விற்பனையாளரைத் தேர்ந்துகொள்ளும் திறந்த மின்சாரச் சந்தை, அந்த ஆண்டு நவம்பரிலிருந்து கட்டம் கட்டமாகத் தீவு முழுவதும் வந்ததல்லவா? மறு ஆண்டு எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே ஒரு பையன் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். ஐந்தே நிமிடத்தில் கையெழுத்திட்டேன். உன்னிடமும் பெருமையாகச் சொன்னேன். 2021 இறுதியில் உலகச் சந்தையில் எரிவாயு விலை எகிறியபோது பல விற்பனை நிறுவனங்கள் தொழிலைவிட்டு விலகின. நான் கையெழுத்திட்டதும் அவற்றில் ஒன்று. விளக்கு ஒரு நொடிகூட அணையவில்லை, எஸ்பி தானாகவே எங்களை எடுத்துக்கொண்டது. ஆனால் நிலையான விலை என்று நான் நம்பியிருந்தது போய்விட்டது. அதை உன் அம்மாவிடம் சொல்ல வெட்கப்பட்டு, அந்தக் கடிதத்தை மடித்து என் கணக்கு நோட்டில் வைத்துவிட்டேன்.

உனக்கு எழுதுவதற்கு முன் அந்தக் கடிதத்தைத் தேடித்தான் பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்தேன். தேடியது கிடைக்கவில்லை, 1993ஆம் ஆண்டு நோட்டு கையில் கிடைத்தது. அப்போது மின்சாரம், தண்ணீர், எரிவாயு எல்லாம் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் இருந்தன. சிங்கப்பூர் பவர் என்ற நிறுவனமே 1995இல்தான் வந்தது. மாதம் தவறாமல் யூனிட் கணக்கை நீல மையில் எழுதி வைத்திருக்கிறேன். பிப்ரவரி 236. மார்ச் 240. ஏப்ரல் 118. ஏப்ரலுக்கு எதிரே என் கையெழுத்தில் இரண்டு சொற்கள்: 'நல்ல மாதம்.'

உனக்கு அப்போது மூன்று வயது. குவீன்ஸ்டவுன் மாமா வீட்டில் மீன் தொட்டி பார்த்துக்கொண்டு கொஞ்ச நாள் இருந்தது உனக்கு நினைவிருக்கலாம். விடுமுறைக்குப் போனதாகத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறோம். விடுமுறை இல்லை. மின்விசிறி ஏன் ஓடுகிறது, சூடேற்றியை ஏன் அணைக்கவில்லை, யாரும் இல்லாத அறையில் எதற்கு விளக்கு என்று நான் அறை அறையாகப் பின்னால் நடந்து கேட்டதைத் தாங்க முடியாமல் உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான்கு மாதம். பட்டறையிலிருந்து குவீன்ஸ்டவுனுக்குப் பேருந்தும் ரயிலும் மாறிப் போய்விடலாம். நான் ஒரு நாளும் போகவில்லை. தானாக வருவாள் என்றிருந்தேன். என் அப்பாவும் அப்படித்தான் இருந்தார், அதையே ஆண்மை என்று நினைத்திருந்தேன். கட்டணம் பாதியானதைப் பார்த்து, வீட்டில் பாதி ஆள் இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. 'நல்ல மாதம்' என்று எழுதினேன்.

அவள் தானாகத்தான் வந்தாள், ஆகஸ்ட் மாதம், மழையில். நீ அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய். அன்றிரவும் சமையலறை விளக்கு எரிகிறது என்று நான் சொன்னேன். அவள் எழுந்து போய் அணைத்தாள். இந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் அதைப் பற்றி அவள் பேசியதில்லை, நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. இதை எழுதுவதும் அவளுக்குத் தெரியாது.

கடிதம் வேறு பக்கம் போய்விட்டது. திட்டத்தைப் பற்றி என் கருத்தைச் சொல்லி முடிக்கிறேன். 6 மாதம் போதும் என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. 24 என்று எழுதவும் எனக்கு உரிமை இல்லை. ஆகவே எதிலும் கையெழுத்திடாதே. தானாகப் புதுப்பிக்க வேண்டாம் என்று நிறுவனத்திற்கு இந்த வாரமே எழுதிவிட்டு, அக்டோபர் 1 முதல் எஸ்பிக்குத் திரும்பிவிடு. 170 யூனிட்டுக்கு, அவசரப்படாமல் இருப்பதற்கு நீ கொடுக்கும் விலை மாதம் 5 வெள்ளி. அதை நான் தருகிறேன். மறுபடி 400ஐத் தாண்டினால் அப்போது உட்கார்ந்து நல்ல திட்டமாகப் பார்ப்போம். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் எல்லா நிறுவனங்களின் விலையையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வசதி இருக்கிறது. ஒப்பந்தக் காலத்தையும் அப்போது பார்த்துக்கொள்ளலாம். அபராத விதி இருக்கும் பக்கத்தை மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 12 வாக்கில் அடுத்த சீட்டு வரும். அதை நான் பிரிக்க மாட்டேன், தொலைபேசி மேசையில் வைத்திருப்பேன். நீ வந்து பிரித்துக்கொள். சனிக்கிழமை வந்தால் அம்மா இருப்பாள். ஞாயிறு காலை அவள் கோயிலுக்குப் போய்விடுவாள், பதினொரு மணிவரை நான் மட்டும் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா