கெத்தும் இலையிலிருந்து பெறப்படும் வீரியமிக்க போதைப் பொருள்களைப் பெயர் குறிப்பிட்டுக் கட்டுப்படுத்தக் கோரும் மனு

நவம்பர் 2025

அனுப்புநர்:
கீழே கையொப்பமிட்டுள்ள பெற்றோர்கள்,
கோல மூடா மாவட்டம், கெடா.

பெறுநர்:
மாண்புமிகு சுகாதார அமைச்சர் அவர்கள்,
சுகாதார அமைச்சு,
புத்ராஜெயா.

பொருள்: கெத்தும் இலையில் உள்ள மித்ராகைனினை வேதிமாற்றம் செய்து பெறப்படும் 7-ஹைட்ராக்சிமித்ராகைனின், மித்ராகைனின் சூடோஇண்டாக்சில் ஆகியவற்றையும் அவற்றை ஒத்த பொருள்களையும் 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் அட்டவணையில் தனியே சேர்க்க வேண்டுதல்.

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். கெடா மாநிலத்தின் கோல மூடா மாவட்டத்தில் வாழும் பெற்றோர்களாகிய நாங்கள் இம்மனுவைத் தங்கள் பார்வைக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம். இதன் மலாய் மொழி வடிவமும் உடன் இணைக்கப்பட்டுள்ளது. எங்களுள் அரசு மருத்துவமனைகளில் தாதியராகவும் மருத்துவ உதவியாளராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். இடைநிலைப்பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். கெத்தும் மரம் எங்களில் பலருக்குச் சிறு வயது முதலே தெரிந்த மரம். ஆகவே இலையைப் பற்றிய பீதியை வளர்ப்பதற்காக இதை எழுதவில்லை. இலையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் வேறொரு பொருளைப் பற்றியே முறையிட விரும்புகிறோம்.

காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரம் பெர்லிஸ், கெடா, பினாங்கு, பேராக் மாநிலங்களின் ஆற்றோரங்களிலும் வீட்டுக் கொல்லைகளிலும் இயல்பாக வளர்கிறது. மீனவர்களும் வயலில் வேலை செய்வோரும் பால் மரம் சீவுவோரும் களைப்புத் தீரவும் உடல்வலி குறையவும் இதன் இலையை அவித்துக் குடித்த வழக்கம் நூறாண்டுகளுக்கு மேற்பட்டது. அபினிப் பழக்கத்தை விட முயன்றவர்கள் அதற்கு மாற்றாக இதைக் குடித்ததும் ஆங்கிலேயர் காலத்துத் தாவரவியல் குறிப்புகளில் பதிவாகியுள்ளது. அந்தக் கெத்தும் தண்ணி தீங்கற்றது என்று நாங்கள் வாதிடவில்லை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையத்தினர் வட மாநிலங்கள் மூன்றில் தொடர்ந்து கெத்தும் அருந்தும் 293 பேரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் அதற்குக் கடுமையாக அடிமைப்பட்டிருந்தனர். நிறுத்தினால் தசை இழுப்பு, வலி, தூக்கமின்மை, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், எரிச்சல், மனச்சோர்வு ஆகியவை வந்தன. ஆனாலும் அவர்களில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டும் குடும்பம் நடத்திக்கொண்டும் இருந்தவர்கள் என்பதையும் அந்த மையத்தினர் தம் ஆய்வுகளில் மறைக்கவில்லை.

இலையில் 40க்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள், அதாவது தாவரத்தில் இயல்பாக உண்டாகி உடலில் விளைவு ஏற்படுத்தும் வேதிப்பொருள்கள், இருக்கின்றன. அவற்றுள் முதன்மையானது மித்ராகைனின். அபின் வகை வலி மருந்தான மார்ஃபின் மூளையில் சென்று பொருந்தும் அதே ஏற்பியில் (மருந்து பற்றிக்கொள்ளும் இடத்தில்) இது பகுதியளவே வேலை செய்கிறது. 7-ஹைட்ராக்சிமித்ராகைனின் என்பது அதே ஏற்பியை மிகக் கூடுதலான வலிமையுடன் பற்றும் பொருளாகும். உலர்ந்த இலையில் உள்ள மொத்த ஆல்கலாய்டில் அது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. புதிதாகப் பறித்த இலையில் பெரும்பாலும் கண்டறியவே முடியாத அளவு. கெத்தும் குடித்தவரின் கல்லீரல் மித்ராகைனினில் ஒரு பகுதியை இப்பொருளாக மாற்றுகிறது. ஆனால் அது மெதுவாக, சிறுகச் சிறுக நடப்பது. அத்துடன் இலைச் சாற்றின் கசப்பும், அளவு மிஞ்சினால் வரும் குமட்டலும் வாந்தியும் குடிப்பவரை ஓரளவுக்குத் தாமே தடுத்து நிறுத்துகின்றன.

இப்போது அமெரிக்காவில் நடந்திருப்பது இந்த இயற்கைத் தடைகள் எல்லாவற்றையும் தாண்டியதாகும். மித்ராகைனினைப் பிரித்தெடுத்து, வேதிமாற்றம் செய்து, ஏறக்குறைய முழுவதும் 7-ஹைட்ராக்சிமித்ராகைனினாகவே ஆக்கி, மாத்திரையாகவும் மெல்லும் மிட்டாயாகவும் சிறு புட்டிகளில் அடைத்த பானமாகவும் பெட்ரோல் நிலையங்களிலும் வேப் கடைகளிலும் விற்கிறார்கள். பொட்டலத்தின்மேல் இலைப் படம் இருக்கும். உள்ளே இருப்பதற்கும் இலைக்கும் உள்ள உறவு மூலப்பொருள் என்ற அளவில் முடிந்துவிடுகிறது. கள்ளுக்கும் சம்சு என்னும் மலிவான வடிசாராயத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பட்டறிந்த தோட்டப்புறக் குடும்பங்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இதன் வலிமையைக் குறித்து மார்ஃபினைப் போல் 13 மடங்கு என்னும் கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. அது கினிப் பன்றியின் குடல் தசையில் செய்த ஆய்வகச் சோதனையில் கிடைத்த எண். மனித உடலில் அப்படியே 13 மடங்கு என்று அதைப் படிப்பது சரியாகாது. மிகைப்படுத்திய எண்களைச் சொல்லி இளைஞர்களை எச்சரித்தால், அவர்கள் ஒருமுறை அதைப் பொய்யென்று கண்டுகொண்டபின் நாம் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்கள் என்பதால் இதைக் குறிப்பிடுகிறோம். எண்ணைத் தள்ளிவைத்தாலும் ஆபத்து தெளிவாகவே இருக்கிறது. மார்ஃபினுக்குப் பழக்கப்பட்ட எலிகள் 7-ஹைட்ராக்சிமித்ராகைனினைத் தாமாகவே தேடி எடுத்துக்கொண்டன. மித்ராகைனினை அவ்வாறு எடுத்துக்கொள்ளவில்லை. விலங்குகளில் இது மூச்சை மந்தப்படுத்துவதும், அந்த விளைவை நலோக்சோன் மருந்து முறிப்பதும் ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளன. அபின் வகைப் பொருள்களால் மனிதர் இறப்பது பெரும்பாலும் மூச்சு நின்றுதான். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் அது இன்னும் விரைவாக நேர்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டச் சுகாதாரத் துறை 2025ஆம் ஆண்டில் இப்பொருள் தொடர்பான மரணங்களைக் குறித்துப் பொதுமக்களை எச்சரித்தபோதும், மதுவுடன் சேர்த்து உட்கொள்வதன் ஆபத்தைச் சுட்டிக்காட்டியது.

அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2025 ஜூலை மாத இறுதியில் 7-ஹைட்ராக்சிமித்ராகைனினைக் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்தது. இயற்கையான இலைப் பொருள்கள் தன் இலக்கல்ல என்பதையும் அப்போதே அது தெளிவுபடுத்தியது. அடுத்த மாதம் ஃபுளோரிடா மாநிலம் அவசர விதியின் மூலம் இதைத் தடை செய்தது. இவ்விடத்தில் 2016ஆம் ஆண்டையும் நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டில் அந்நாட்டுப் போதைப்பொருள் அமலாக்க நிருவாகம் மித்ராகைனினையும் 7-ஹைட்ராக்சிமித்ராகைனினையும் ஒன்றாகச் சேர்த்துத் தடை செய்யப் போவதாக அறிவித்து, இலையைப் பயன்படுத்துவோரின் கடும் எதிர்ப்பால் அக்டோபரிலேயே அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. இலையையும் அதன் சாரத்தையும் பிரித்துப் பார்க்காததால் இரண்டுமே கைநழுவின; வணிகர்களுக்கு ஒன்பது ஆண்டுகள் கிடைத்தன.

இலையின் பெயரில் வேறொன்று விற்கப்படுவது அமெரிக்காவில் புதிதாகத் தோன்றிய தந்திரமும் அன்று. 2009, 2010ஆம் ஆண்டுகளில் சுவீடனில் 'கிரிப்டன்' என்ற பெயரில் மூலிகைப் பொடியாக விற்கப்பட்ட சரக்கில் கெத்தும் இலையுடன் டிராமடோல் என்னும் வலி மருந்தின் வீரியமிக்க வழிப்பொருள் கலக்கப்பட்டிருந்தது. ஓராண்டுக்குள் ஒன்பது பேர் இறந்தனர். தென் தாய்லாந்தில் கெத்தும் சாற்றுடன் கோலா பானமும் இருமல் மருந்தும் கலந்து இளைஞர்கள் குடிக்கும் 'நான்கு நூறு' கலவையை, எல்லையோர மாநிலத்தில் வாழும் எங்களுக்கு யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

இங்கே இன்னும் பெரிதாக வராத ஒன்றைக் குறித்து இப்போதே ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கப்படலாம். இதன் மூலப்பொருள் எங்கள் கொல்லையில் வளர்கிறது என்பது முதற் காரணம். இலையைத் தொகுத்து எல்லைக்கு அப்பால் கடத்தும் வழிகள் பல்லாண்டுகளாக இருந்தவை. தாய்லாந்து 2021 ஆகஸ்டில் கெத்தும் மீதான தடையை நீக்கிய பிறகு அங்கே கடத்துவதில் பழைய ஆதாயம் இல்லை. ஆதாயம் குறைந்த சரக்கை வைத்திருப்பவர் வேறு ஆதாயத்தைத் தேடுவார். இலை மூட்டையாகக் கடத்தினால் கண்ணில் படும். அதன் சாரத்தை மாத்திரையாக்கினால் சட்டைப் பையில் அடங்கும். அந்த மாத்திரைகள் அஞ்சல் பொட்டலத்தில் வரவும் தடையில்லை.

பொருள் முதலில் வந்து, சட்டம் பிறகு வந்தால் என்னவாகும் என்பதை நாம் அண்மையில் பார்த்தோம். 2023 மார்ச் 31 அன்று நிக்கோட்டின் திரவம் நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பொதுச் சுகாதாரத்துக்கான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024 அக்டோபர் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிக்கோட்டின் வேப் விற்பதைத் தடுக்கச் சட்டத்தில் வழியில்லாமல் போனது. எங்களுள் ஆசிரியராக இருப்பவர்கள் அந்த ஒன்றரை ஆண்டின் விளைவை வகுப்பறையில் இன்னமும் சந்தித்து வருகிறார்கள்.

ஆகவே எங்கள் முதன்மையான வேண்டுகோள் இதுவே. மித்ராகைனின் 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின்கீழ் மனநிலை மாற்றும் பொருளாக ஏற்கெனவே கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. 7-ஹைட்ராக்சிமித்ராகைனினும் மித்ராகைனின் சூடோஇண்டாக்சிலும் அதே அட்டவணையில், ஐயத்துக்கு இடமில்லாத வகையில், தத்தம் பெயரிலேயே இடம்பெற வேண்டும். இவ்விரண்டோடு நிறுத்திவிடவும் கூடாது. ஒரு மூலக்கூற்றின் பெயரைத் தடை செய்தால் அதில் ஒரு பகுதியை மாற்றிப் புதுப் பெயரில் விற்பது இவ்வணிகத்தின் வழக்கம். செயற்கைக் கஞ்சா விவகாரத்தில் உலகமெங்கும் அதுதான் நடந்தது. சூடோஇண்டாக்சிலும் அமெரிக்கக் கடைகளில் 7-ஹைட்ராக்சிமித்ராகைனினைப் பின்தொடர்ந்து வந்ததே. ஆய்வகச் சோதனைகளில் அது மார்ஃபினையும் விஞ்சும் வீரியமுள்ளது. எனவே மித்ராகைனினிலிருந்து வேதிமாற்றத்தால் பெறப்படும் அனைத்து வழிப்பொருள்களையும் உள்ளடக்கும் பொது வரையறை ஒன்றை நச்சுப் பொருள் வாரியம் வகுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பல்கலைக்கழக ஆய்வுகளுக்கு உரிமம் வழங்கும் வழி அதில் திறந்திருக்க வேண்டும். வலி மருத்துவத்தில் இம்மரத்தால் பயன் இருக்கக்கூடும் என்று பினாங்கில் நடைபெறும் ஆராய்ச்சி முடங்குவதை நாங்கள் விரும்பவில்லை.

இந்த வேண்டுகோளைக் காரணமாகக் காட்டி, மாலையில் ஒரு கோப்பை இலைச் சாறு குடிக்கும் முதியவரைச் சிறைக்கு அனுப்பும் கடுமையை யாரும் கூட்டிவிடக் கூடாது. தண்டனையின் கனம் செறிவூட்டிய பொருளைத் தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், விற்பவர் ஆகியோர்மீது விழட்டும். பயன்படுத்தியவர் சிகிச்சைக்கு வரட்டும். 2005ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில், அபின் வகைப் பழக்கத்துக்கு மாற்று மருந்து தரும் மெத்தடோன் சிகிச்சைத் திட்டம் இயங்கி வருகிறது. அந்தச் சிகிச்சையகங்களில் 7-ஹைட்ராக்சிமித்ராகைனினுக்கு அடிமையானவர்களை அனுமதிக்கவும் மருத்துவரின் முடிவுப்படி சிகிச்சை அளிக்கவும் தெளிவான வழிகாட்டுதல் வேண்டும்.

மருத்துவமனைகளைப் பொறுத்தவரை ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவசரப் பிரிவுகளில் பயன்படுத்தப்படும் வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டைகள் மார்ஃபின் வகையைக் கண்டறிய உருவாக்கப்பட்டவை. இப்பொருள்களை அவை காட்டிக்கொடுப்பதில்லை. கண்மணி ஊசி முனையளவு சுருங்கி, மூச்சுத் திணறி ஓர் இளைஞர் கொண்டுவரப்படும்போது, பட்டையில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக நலோக்சோன் கொடுக்கத் தயங்கினால் அந்தத் தயக்கமே அவர் உயிரைப் பறிக்கலாம். மாவட்ட மருத்துவமனைகளுக்கும் அவசர ஊர்தி ஊழியர்களுக்கும் இது குறித்துச் சுற்றறிக்கை அனுப்புமாறும், வேதியியல் துறை ஆய்வகங்களில் இப்பொருள்களை உறுதிப்படுத்தும் சோதனை வசதியை ஏற்படுத்துமாறும் கோருகிறோம்.

இணைய விற்பனைத் தளங்களையும் அஞ்சல் வழி இறக்குமதியையும் மருந்தக அமலாக்கப் பிரிவும் சுங்கத் துறையும் சேர்ந்து கண்காணிக்க வேண்டும். பொதுமக்களுக்கான எச்சரிக்கை மலாய், தமிழ், சீன மொழிகளில் வர வேண்டும். தமிழில் வரும்போது மலாய் அறிக்கையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த சுவரொட்டியாக இல்லாமல், கடைக்காரரும் பெற்றோரும் படித்தவுடன் புரிந்துகொள்ளும் வகையில் இருந்தால் நன்று. அப்படியொரு வரைவைத் தயாரிப்பதில் எங்களுள் ஓய்வு பெற்ற சுகாதார ஊழியர்கள் ஊதியமின்றி உதவ முன்வருகிறார்கள்.

நச்சுப் பொருள் வாரியத்தின் அடுத்த கூட்டத்தில் இக்கோரிக்கையைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ள ஆவன செய்யுமாறும், அமைச்சின் நிலைப்பாட்டை எழுத்து வழியாகத் தெரிவிக்குமாறும், எங்கள் பேராளர்கள் மாநிலச் சுகாதாரத் துறை அதிகாரிகளை அலோர் ஸ்டாரில் நேரில் சந்தித்து விளக்கம் தர ஒரு நாள் ஒதுக்கித் தருமாறும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோல மூடா மாவட்டப் பெற்றோர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

நகல்: கெடா மாநிலச் சுகாதாரத் துறை இயக்குநர், தேசியப் போதைத் தடுப்பு நிறுவனம்.