பொதுநோக்கு மண்டபத்தில் ஒட்டுப்போர்வை தைக்க இடம் கோரும் மனு

பிரதேச செயலாளர் அவர்கள்,
பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம்,
திருகோணமலை.

ஊடாக: கிராம உத்தியோகத்தர்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பொருள்: சனிக்கிழமை பின்னேரங்களில் பொதுநோக்கு மண்டபத்தைப் பயன்படுத்த அனுமதி கோரல்

நாங்கள் பாலையூற்றிலும் அதைச் சுற்றியும் குடியிருக்கும் பெண்கள். பழைய துணிகளையும் தையல் கடைகளில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளையும் சேர்த்து ஒட்டுப்போர்வை தைக்க ஒரு குழு தொடங்க விரும்புகிறோம். அதற்கு எங்கள் பிரிவின் பொதுநோக்கு மண்டபத்தைச் சனிக்கிழமைகளில் பின்னேரம் 2 மணி முதல் 5 மணி வரை வாடகையின்றித் தந்துதவ வேண்டும். துணிகளைப் பூட்டி வைக்க மண்டபத்தின் ஒரு மூலையில் அலுமாரி ஒன்று வைக்கவும் அனுமதி வேண்டும். பணமோ மெசினோ பயிற்சியாளரோ நாங்கள் கேட்கவில்லை.

வீட்டிலேயே தைக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். துண்டுகளை இணைப்பதை வீட்டில் செய்யலாம், செய்யத்தான் போகிறோம். சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. ஒட்டுப்போர்வைக்கு மூன்று அடுக்கு உண்டு. மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் மெத்தென்று ஏதாவது, அடியில் ஒரே துணி. மூன்றையும் சுருக்கம் விழாமல் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, இழுத்துப் பிடித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஊசி குத்திக்கொண்டு போகவேண்டும். ஒருவர் விரித்தால் இன்னொருவர் மறுமுனையைப் பிடிக்கவேண்டும். இந்த இடத்தில் ஒரு சுருக்கம் விட்டுப்போனால் கடைசிவரை அது போகாது. ஓர் ஆள் படுக்கும் போர்வைக்கே 6 அடி அகலமும் 8 அடி நீளமும் வேண்டும், சுற்றிவரக் குந்தியிருக்கவும் இடம் வேண்டும். எங்களில் பலருடைய வீட்டு முன் அறை 10 அடிக்கு 10 அடி. அதற்குள் கட்டிலும் பிள்ளைகளின் படிப்பு மேசையும் நிற்கின்றன. மண்டபத்தில் கதிரைகளை ஒதுக்கினால் மூன்று போர்வைகளை ஒரே நேரத்தில் விரிக்கலாம்.

இந்த வெக்கையில் போர்வை எதற்கு என்ற கேள்வியும் வரும். நாங்கள் தைக்க நினைப்பது கடையில் விற்கும் தடித்த பஞ்சுப் போர்வை அல்ல. நடு அடுக்குக்குப் பழைய பருத்திச் சாறியை இரண்டாக மடித்து வைத்தால் போதும். மார்கழி, தை மாத இரவுகளில் போர்த்தலாம். மற்ற நாட்களில் பாய்மேல் விரிக்கலாம், ஏணையில் பிள்ளைக்குக் கீழே போடலாம். வங்காளத்துப் பெண்கள் காந்தா என்று தைப்பதும் இப்படித்தான், பழைய சேலைகளை அடுக்கி நேரோட்டத் தையல் போடுவார்கள். சிந்துப் பகுதியில் ரல்லி என்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வறிய கறுப்பினப் பெண்கள் 1966இல் இதற்காகவே ஒரு கூட்டுறவை அமைத்தார்கள். அந்தக் கூட்டுறவு இருந்த இடத்துக்குப் பக்கத்து ஊரான கீஸ் பெண்டில் உழைப்புச் சட்டையையும் கிழிந்த காற்சட்டையையும் வெட்டித் தைத்த போர்வைகள் பின்னர் அந்நாட்டின் பெரிய அருங்காட்சியகங்களில் தொங்கின. எங்களுக்கு அருங்காட்சியகம் வேண்டாம். ஆனால் கந்தல் என்று எறிகிற துணியில் நல்ல வேலை செய்யமுடியும் என்பதற்கு இவை போதிய சாட்சி.

துணிக்கு இங்கே பஞ்சமில்லை. சாறி, சாரம், பள்ளிச் சீருடை, திரைச்சீலை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மூட்டை இருக்கிறது. தையல் கடைகளில் மிஞ்சும் துண்டுகள் குப்பைக்குப் போகின்றன, அல்லது கொல்லையில் எரிகின்றன. பொலியெஸ்டர் எரிந்தால் வரும் புகை எப்படி நெஞ்சை அடைக்கும் என்று அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்ட கடைக்காரர்கள் சிலர் துண்டுகளை எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இனி இடம் பற்றி ஒரு முக்கியமான விடயம். கோயில் மடத்தில் கேட்டால் தருவார்கள், தேவாலய மண்டபத்திலும் தருவார்கள். அந்த மனம் எங்கள் ஊரில் உண்டு. ஆனால் மடத்தில் கூடினால் முஸ்லிம் அக்காமார் வரத் தயங்குவார்கள். வேறோர் இடத்தில் கூடினால் வேறு யாராவது தயங்குவார்கள். சிங்களப் பெண்களும் வரவேண்டும் என்று நாங்கள் விரும்புகிறோம். சந்தையிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும், மூன்று மணித்தியாலம் ஒன்றாக இருந்து கதைக்க இந்த நகரத்தில் எங்களுக்கு என்று ஓர் இடம் இல்லை. யாரும் தயங்காமல் நுழையக்கூடிய கூரை அரசாங்க மண்டபம் ஒன்றுதான். அறிவித்தலைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுவோம்.

பெண்கள் குழு என்றதும் இரண்டு நினைப்பு வருவது வழக்கம். ஒன்று, கடன் குழு. நுண்கடனில் சிக்கிய பெண்களுக்காக 2018இல் அரசாங்கம் கடன் தள்ளுபடி அறிவித்த மாவட்டங்களில் எங்கள் மாவட்டமும் ஒன்று. அந்த அனுபவம் பலருக்கு இன்னும் ஆறவில்லை. ஆகவே தெளிவாகச் சொல்கிறோம்: இந்தக் குழுவில் கடன் கொடுக்கல் வாங்கல் இருக்காது, சீட்டும் இருக்காது, எந்த நிறுவனத்தின் முகவரும் அங்கே வந்து பேச அனுமதிக்க மாட்டோம்.

மற்றது, சுயதொழில் திட்டம். 2004 கடற்கோளுக்குப் பிறகும், 2009இல் யுத்தம் முடிந்த பிறகும் தையல் பயிற்சியும் மெசின்களும் நிறையவே வந்தன. கொடுத்தவர்களுக்கு நன்றி. ஆனால் ரெடிமேட் உடுப்பு மலிந்த காலத்தில் தைத்துச் சம்பாதித்தவர்கள் கொஞ்சப் பேர்தான், மெசின்கள் துணி மூடிக் கிடக்கும் வீடுகள் எங்களுக்குத் தெரியும். அதனால் முதல் வருடத்தில் எங்களிடம் வருமான இலக்கோ விற்பனைக் கணக்கோ கேட்காதீர்கள் என்று தாழ்மையுடன் வேண்டுகிறோம். பின்னர் யாராவது விற்க விரும்பினால் நல்லது. அதற்காகக் கூடவில்லை. கூடுவதற்காகத்தான் கூடுகிறோம். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட தாய்மாரும், தனியாகக் குடும்பத்தைச் சுமக்கிற பெண்களும், கண் பார்வை மங்கி இனி மெசினில் இருக்கமுடியாது என்று ஒதுங்கிய மூத்தவர்களும் எங்களோடு சேர விரும்புகிறார்கள். தைக்கத் தெரியாதவர் வெட்டலாம், பார்வை குறைந்தவர் நூல் சுற்றலாம், துண்டு அடுக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. இந்த மாவட்டத்தில் பல வீட்டு அலுமாரிகளில் போட ஆளில்லாத சட்டைகள் இருக்கின்றன. இறந்தவருடையவை சில, காணாமல் போனவருடையவை சில. எறியவும் முடியாது, பார்க்கவும் முடியாது. அவற்றைக் கொண்டுவாருங்கள் என்று நாங்கள் யாரையும் கேட்கமாட்டோம். ஆனால் ஒருவர் தானாகக் கொண்டுவந்தால், எந்தத் துண்டை எங்கே வைப்பது என்று அவரே சொல்லட்டும், நாங்கள் சேர்ந்து தைத்துக் கொடுப்போம். அப்படித் தைத்த போர்வை அந்த வீட்டுக்கே போகும். மற்றவற்றில் மூன்றில் ஒன்றை, எங்கள் பிரிவில் படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்குக் கொடுக்க நினைக்கிறோம். யார் யாருக்கு என்பதைக் கிராம உத்தியோகத்தர் சொன்னால் உதவியாக இருக்கும்.

மண்டபத்துக்கு எங்களால் செலவு வராது. பின்னேர வெளிச்சத்தில் ஜன்னலைத் திறந்தால் விளக்கே வேண்டாம். தையல் ஓரங்களை அழுத்த ஓர் அயன் பெட்டி மட்டும் போடுவோம். 1000 வாட் பெட்டி அரை மணித்தியாலம் ஓடினால் அரை அலகு மின்சாரம், அதற்குரிய பணத்தை மாதாமாதம் கட்டுகிறோம். பிள்ளைகளும் கூட வருவார்கள் என்பதால் ஊசிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவோம். போகுமுன் கூட்டித் துப்புரவாக்கிக் கதிரைகளைப் பழையபடி அடுக்குவோம். அலுமாரியை நாங்களே கொண்டுவருகிறோம், கறையானும் ஈரமும் ஏறாதபடி கல்லின்மேல் உயர்த்தி வைப்போம். கிளினிக், கூட்டம், வாக்களிப்பு என்று மண்டபம் தேவைப்படும் நாளில் நாங்கள் வரமாட்டோம். வெள்ளத்தில் இடம்பெயர்ந்தவர்களைத் தங்கவைக்க நேர்ந்தால் அலுமாரியையும் உடனே எடுத்துவிடுவோம், அதில் இருக்கும் போர்வைகளை அவர்களே பாவிக்கட்டும்.

திறப்பு யார் பொறுப்பில் இருக்கவேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் எப்போது வந்து பார்த்தாலும் எங்களுக்கு மகிழ்ச்சி. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கீழ் பதியவேண்டும் என்றால் அதற்கும் தயார். முதலில் மூன்று மாதத்துக்கு அனுமதி தந்து, சரிவந்தால் நீடித்தாலும் போதும்.

ஒரு சிறிய அவசரம் உண்டு. சேர்த்த துணி முழுவதையும் வெட்டுமுன் தோய்த்து நல்ல வெயிலில் காயவைக்கவேண்டும். இல்லாவிட்டால் பிறகு சாயம் கரைந்து பக்கத்துத் துண்டில் ஏறும், சில துணி சுருங்கித் தையலை இழுக்கும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் தை மாதம்வரை அந்த வேலை நடக்காது. ஆகவே மழைக்கு முன்பே தங்கள் முடிவை அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறோம். நேரில் வந்து விளக்கவேண்டுமானால், அலுவலக நாளில் எப்போது அழைத்தாலும் எங்களில் இருவர் வருவார்கள்.

நன்றி.

இப்படிக்கு,
பாலையூற்றுப் பகுதிப் பெண்கள்,
திருகோணமலை.

(இணைப்பு: ஒப்பமிட்டோர் பட்டியல், வீட்டில் தைத்துப் பார்த்த ஒரு மாதிரித் துண்டு)