வாவல் மீன் குஞ்சுகளை யார் காப்பது?

ஆசிரியருக்கு,

வணக்கம். 2023-இல் மகாராஷ்டிர அரசு வெள்ளை வாவலை மாநில மீனாக அறிவித்தது. மகிழ்ச்சிதான். ஆனால் தாராவிச் சந்தையில் உள்ளங்கை அளவுகூட இல்லாத வாவல் குஞ்சுகளைக் கூறுகட்டி விற்கிறார்கள். ஒருமுறைகூட முட்டையிடாத மீன்கள் அவை.

எல்.இ.டி. விளக்கு வைத்து மீன் பிடிப்பதை மத்திய அரசு 2017-லேயே தடை செய்துவிட்டது. இருந்தும் ஜெனரேட்டர் ஏற்றிய படகுகள் இரவில் கடலைப் பகலாக்குகின்றன. வெளிச்சத்துக்குத் திரளும் கூட்டத்தைப் பெரியது, சிறியது பாராமல் சுருக்குமடி வலை மொத்தமாக வளைத்துவிடுகிறது. கடலூர், நாகை பக்கத்திலிருந்து வந்த நம்மவர்களுக்கு அந்த வலையால் எழுந்த சண்டைகள் நன்றாகத் தெரியும். இங்கே மும்பையில் இழப்பு சிறு படகு வைத்திருக்கும், இந்த மண்ணின் பூர்வகுடிகளான கோலி மீனவர்களுக்கு. டீசல் செலவுக்கே மீன் கிடைக்காமல் திரும்புகிறார்கள்.

ஜூன், ஜூலை தடைக்காலத்தில் இவர்கள் வருமானமின்றிப் பொறுத்திருப்பது கடல் மீண்டும் பெருகட்டும் என்றுதான். அந்தப் பலனைச் சட்டத்தை மீறுகிறவர்கள் ஆகஸ்டிலேயே அள்ளிக்கொண்டு போவது கொடுமை.

கரையோரத்தில் ரோந்துப் படகுகளைக் கூட்டுங்கள். அதைவிட முக்கியம், சசூன் டாக் போன்ற இறங்குதளங்களில் விடியற்காலை ஏலத்தின்போதே அளவுகோலுடன் அதிகாரிகள் நிற்க வேண்டும். குஞ்சு மீன் ஏலத்துக்கே வராவிட்டால் அதைப் பிடிப்பதில் லாபம் இல்லை. வாங்கும் நாமும் சின்ன மீனை வேண்டாமென்று மறுப்போம். என் தெருவில் சில வீடுகள் ஏற்கெனவே அப்படிச் செய்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சயான் கோலிவாடா, மும்பை