மூத்த குடிமக்கள் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கை வீடு தேடி வரும். ரசீதுப் புத்தகமும் உடன் வரும்.

பொங்கல் விழா, கண் பரிசோதனை முகாம், கொடியேற்றம் வழக்கம்போல் நடந்தன. சுற்றுலா நடக்கவில்லை, பெயர் கொடுத்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள்.

சங்க அறையில் தொடங்கிய பிசியோதெரபி வீடியோ விளையாட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ‘இந்த வயதில் வீடியோ கேம் எதற்கு?’ என்று கேட்பவர்கள், அறைக்குள் ஒரு நாளும் எட்டிப் பார்க்காதவர்கள். மூட்டு அறுவை சிகிச்சையோ பக்கவாதமோ கண்டவர்கள், மருத்துவமனையில் கற்ற பயிற்சியை வீட்டுக்கு வந்ததும் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். அதற்குத்தான்.

கடையில் விற்பதையே வாங்கலாமே என்றார்கள். அவை திடகாத்திரமானவர்களின் வேகத்துக்குச் செய்தவை. கைப்பிடியை வீசி ஆடும் நின்டெண்டோ வீ என்ற விளையாட்டுக் கருவியில் டென்னிஸ் ஆடிய இளம் மருத்துவருக்கே தோள் தசைநார் அழற்சி வந்தது 2007இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. கைப்பிடியைப் பற்றவே முடியாதவர் என்ன செய்வார்? எதையும் பிடிக்காமல் ஆட, உடலசைவைக் கண்டறியும் கினெக்ட் என்ற கேமராக் கருவி 2010இல் வந்தது. 2017இல் மைக்ரோசாஃப்ட் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எனவே கல்லூரி மாணவர்கள், சாதாரணக் கேமராப் படத்திலேயே உடலின் 33 புள்ளிகளைக் கண்டறியும் மீடியாபைப் மென்பொருளைக் கொண்டு நமக்கென ஒன்றை அமைத்தார்கள்.

கையை உயர்த்தினால் திரையில் பட்டம் ஏறும். அவரவர் கை எவ்வளவு உயர்கிறது என்று இயன்முறை மருத்துவர் முதலில் அளந்து, சற்று மேலே இலக்கு வைக்கிறார். வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது. மேலே நிறுத்திப் பிடிப்பதற்கும் மெதுவாக இறக்குவதற்குமே உண்டு. கை எழாதபோது உடம்பைச் சாய்த்து ஈடுகட்டப் பார்த்தால் பட்டம் நின்றுவிடும். இதைச் சேர்க்கச் சொல்லி வாதாடியது நான்தான்.

முழங்கால் பயிற்சியில்தான் தகராறு. வேட்டிக்குள்ளும் புடவைக்குள்ளும் முழங்கால் எங்கே இருக்கிறது என்று கேமராவுக்குப் பிடிபடுவதில்லை. கால்சட்டையோ சுடிதாரோ அணிந்து வரச் சொன்னதற்கு, ‘செயலாளரின் சர்வாதிகாரம்’ என்று கடிதம் வந்தது. கையொப்பம் இல்லை, கையெழுத்து எனக்குப் பழக்கமானது.

வரவு செலவு ஏறத்தாழச் சரியாகவே இருக்கிறது. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வந்திருந்தால் கேமராவை மாணவரிடம் இரவல் வாங்கியிருக்க வேண்டியதில்லை.

தலைவர், இயன்முறை மருத்துவர், மாணவர்கள், நாற்காலி தந்து உதவியவர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மாணவர்கள் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். மென்பொருளைக் கவனிக்க ஆள் வேண்டும். பெரிய திரையும் வேண்டும். பலருடைய பிள்ளைகள் கணினித் துறையில் மிக நல்ல நிலையில் இருப்பதாக மாலை நடையில் அவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். செயலாளர் பொறுப்பை ஏற்க எவரேனும் முன்வந்தால் அறைச் சாவியை மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். போட்டியிடுபவருக்குச் சந்தா பாக்கி இருக்கக் கூடாது என்பது சங்க விதி.