பக்க வாசலால் வா, மச்சான்

திருகோணமலை
ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமை ஆகிறது. பதில் பிந்தியதற்கு மாரி மழை பாதிக் காரணம், என் சோம்பல் மீதிக் காரணம். வீட்டில் எல்லாரும் சுகம். மகளுக்கு மூதூருக்கு மாற்றம் கிடைத்துவிட்டது, ஒருவழியாகப் பக்கத்தில் வந்து சேர்ந்தாள். கடற்கரையில் உனக்குப் பிடித்த கச்சான்காரர் இப்போது இல்லை. அவருடைய மகன் அதே இடத்தில் வண்டி போட்டிருக்கிறான். உப்பும் அதே உப்புத்தான்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய், தியேட்டருக்குப் போவதை விட்டுவிட்டேன், பாதி வசனம் காதில் சரியாக விழுவதில்லை, பக்கத்தில் இருப்பவளைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் படம் பார்க்க முடியாமல் போகிறது என்று. அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். ஒரே நாளில் இரண்டு காட்சி பார்த்துவிட்டு, இருட்டுக்குள் சைக்கிள் பாரில் என்னை இருத்தி, வில்லன் வசனம் முழுவதையும் ஒப்புவித்துக்கொண்டு வந்த ஆள் நீ!

நாங்கள் இங்கே ஒரு மண்டபத்தில் மாதம் ஒரு படம் போடுகிறோம் என்று முன்பு எழுதியிருந்தேன் அல்லவா? படம் தேடுவது அவ்வளவு பாடில்லை. வராமல் போனவர்களைத் தேடுவதுதான் பெரிய பாடு. வந்தவன் குறை சொல்லுவான், சத்தம் காணாது, கதிரை குத்துகிறது என்று. வராதவன் ஒன்றுமே சொல்ல மாட்டான். நீயே பார், அந்தத் தியேட்டர்காரனிடம் ஒரு சொல் சொன்னாயா? பேசாமல் நின்றுவிட்டாய்.

எனக்கு இதைப் படிப்பித்தது சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெடியன். சண்டைக் காலத்தில் இரண்டு காலையும் இழந்தவன், போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். எங்கள் மண்டபத்து முன்வாசலில் மூன்று படி. முதல் நாள் அவன் வந்து நின்றதும் நாலு இளந்தாரிகள் ஓடிப்போய் நாற்காலியோடு தூக்கி முன்வரிசையில் கொண்டுபோய் வைத்தார்கள். எல்லாரும் கை தட்டினோம். எங்களுக்குள்ளே பெரிய திருப்தி. அடுத்த மாதம் அவன் இல்லை, அதற்கடுத்த மாதமும் இல்லை. ஒருநாள் கடைக்குப் போய்க் கேட்டேன். சிரித்துக்கொண்டு சொன்னான்: "அண்ணை, நான் படம் பாக்க வந்தனான். நீங்கள் சாமி காவின மாதிரியெல்லோ காவிக்கொண்டு போனியள். இடையில பாத்ரூம் போகவேணுமெண்டால் திரும்ப நாலு பேரைக் கூப்பிடவேணும். அதால தண்ணியும் குடியாமல் இருந்தனான்."

சரி, சாய்தளம் போடுவோம் என்று தச்சுப் பாஸைக் கூட்டிவந்தோம். ஆறடிப் பலகை போதும் என்றார். அரிசி மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியை அந்தச் சரிவில் ஏற்றிக் காட்டச் சொன்னேன். பாதியில் வண்டி அவரையும் இழுத்துக்கொண்டு கீழே வந்தது. கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு மச்சான். ஓரங்குல உயரத்துக்கு ஓரடி நீளம். ஒரு படி ஆறங்குலம் என்றால் மூன்று படிக்குப் பதினெட்டு அடி வேண்டும். பதினெட்டு அடி போட்டால் பலகை றோட்டுக்குப் போய்விடும். அப்போதுதான் குசினிப் பக்கத்துக் கதவு ஞாபகம் வந்தது. அதற்கு ஒரே ஒரு படி. அங்கே பாஸின் ஆறடி சரியாகப் பொருந்தியது. அவரும் தன் சொல் பலித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வேலையை முடித்தார்.

மண்டபத்துக்குப் பொறுப்பானவர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று கொஞ்சம் முறுகினார். நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பொதுக் கட்டடங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் போய்வரும் வசதி பற்றி 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன, ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது, அதன் 30ஆம் உறுப்புரையில் திரைப்படம் என்ற சொல்லே இருக்கிறது என்றெல்லாம் அடுக்கினேன். மனுசன் அதற்கு மசியவில்லை. அவருடைய மாமியாருக்கு முழங்கால் நோவு, அவவும் வரலாம் என்று நான் சொன்னதும்தான் தலையாட்டினார்.

அதன்பிறகு முன்வாசலைப் பூட்டிவிட்டோம். எல்லாருக்கும் பக்க வாசல்தான். சக்கர நாற்காலிக்கு ஒரு வழி, மற்றவர்களுக்கு ஒரு வழி என்று வைத்தால் அது பிறகும் சாமி காவின கதைதான். நடுவரிசையில் இரண்டு கதிரையைக் கழற்றி இடம் விட்டோம், கூட வருகிறவர் பக்கத்திலேயே இருக்கலாம். பெடியன் இப்போது ஒவ்வொரு மாதமும் வருகிறான். போன மாதம் படத்தைப் பற்றி என்னோடு சண்டை பிடித்தான், எனக்குப் பெரிய சந்தோசம். ஒருநாள் அந்தச் சரிவில் டவுன் மான் ஒன்று ஏறி வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தது. நம் ஊர் மான்களுக்குக் கூச்சம் எப்போதும் கிடையாது, உனக்குத் தெரியும்தானே.

இனி உன் காது விசயம். தமிழ்ப் படத்துக்குத் திரையின் கீழே வசனத்தைத் தமிழிலேயே எழுத்தாகப் போட்டோம். "எங்களுக்குத் தமிழ் விளங்காதோ?" என்று ஒரு ரிட்டயர்ட் அதிபர் கோபித்தார். மூன்றாவது படத்தில் அவரே கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

இது வேற்றுமொழிக்காரருக்குப் போடுகிற சப்டைட்டில் போல இல்லை. காது கேளாதவர் வாசிக்கிறார் என்றால் கதவு தட்டுகிற சத்தத்தையும் எழுத வேண்டும், திரையில் இல்லாதவன் கதைத்தால் பெயரையும் போட வேண்டும். சொன்னதை எல்லாம் எழுதவும் முடியாது. "போய்க்கொண்டிருந்திருப்பான்" என்று வாய் ஒரு நொடியில் சொல்லிவிடும், கண்ணுக்கு அது காணாது. இரண்டு வரிக்குள் சுருக்க வேண்டும், அதேநேரம் பேசுகிறவனின் ஊர்ப் பேச்சும் செத்துவிடக் கூடாது. இருபது நிமிடக் குறும்படம் ஒன்றுக்கு மூன்று பேர் இரண்டு இரவு இருந்தோம். முதல் தரம் ஓடவிட்டபோது திரை முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள், ஓர் எழுத்து இல்லை. கோப்பைத் தமிழ் எழுத்துத் தாங்குகிற யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கவில்லை என்று ஏ.எல். படிக்கிற பெட்டை ஒருத்திதான் கண்டுபிடித்தாள். வசனத்துக்கு எழுத்துப் பிந்தினால் படம் ஓட்டுகிற விஎல்சி மென்பொருளில் ஜி, எச் பொத்தான்களைத் தட்டித் தட்டிச் சரிக்கட்டலாம் என்பதையும் அவள்தான் காட்டினாள்.

காது கேளாத பிள்ளை ஒன்று தாயோடு வரும். படம் முடிந்து கையால் ஏதோ சொன்னது, தாய் சிரித்துக்கொண்டு எங்களுக்குச் சொன்னா: "'இசை' எண்டு மட்டும் போடுறியளாம். என்ன இசை, அழுறதுக்கோ பயப்பிடுறதுக்கோ எண்டு கேக்கிறாள்." அன்றிலிருந்து "தூரத்தில் பறை, வேகம் கூடுகிறது" என்று எழுதப் பழகியிருக்கிறோம்.

ஆகவே ஒன்று செய். அடுத்த முறை ரிக்கற் எடுக்கிற இடத்தில் கேள். உங்கள் நாட்டுத் தியேட்டர்கள் பலவற்றில், கப் வைக்கிற ஓட்டையில் பொருத்துகிற ஒரு வளையும் தண்டும் அதன் நுனியில் சின்னத் திரையும் கொடுப்பார்கள். வசனம் அதில் ஓடும், உனக்கு மட்டும் தெரியும். ஆங்கிலப் படங்களுக்குப் பெரும்பாலும் இருக்கும். உன் காதுக் கருவியில் டி சுவிட்ச் இருக்கிறதா என்றும் பார். அதற்கேற்ற வளையக் கம்பி பதித்த மண்டபமாக இருந்தால், பக்கத்தில் பொப்கோர்ன் நொறுக்கிற சத்தம் எல்லாம் விலகி, படத்தின் ஒலி நேரே காதுக்குள் வரும். வெட்கப்படாதே. கேட்காமல் இருந்தால் அந்தத் தண்டு அலுமாரிக்குள் தூசி பிடித்துக் கிடக்கும்.

எனக்கு உண்மையில் ருசி பிடித்தது இன்னொரு வேலையில். கண் தெரியாத சங்கீத வாத்தியார் ஒருவர், எழுபது தாண்டிவிட்டது, "நானும் வரலாமோ?" என்று கேட்டார். கோயில் திருவிழாவில் குழாய் கட்டிக் கதைவசன இசைத்தட்டுப் போடுவார்களே, அதில் கேட்டே எத்தனையோ படத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். முதல் நாள் பக்கத்தில் இருந்து காதுக்குள் சொன்னேன். பின்வரிசை முழுக்க "உஷ்" என்றது. அடுத்த தரம் நான் குசினிக்குள் மடிக்கணினியில் அதே படத்தைப் பார்த்துக்கொண்டு போனில் சொன்னேன், அவர் மண்டபத்தில் இயர்போன் போட்டுக் கேட்டார். ஒரு சாதாரணக் கோல், அவ்வளவுதான் செலவு.

நன்றாகத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இடைவேளையில் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, அவன் கெட்டவன் எண்டு நீர் சொல்லாதையும். அவன் என்ன செய்யிறான் எண்டு மட்டும் சொல்லும். கெட்டவனோ இல்லையோ எண்டு நான் பாத்துக்கொள்ளுறன்."

மச்சான், ஐம்பது வருடமாகப் படம் பார்க்கிறேன், எனக்கு யாரும் இப்படிப் பாடம் எடுத்ததில்லை. "அவள் கவலையோடு இருக்கிறாள்" என்று சொல்லக் கூடாது, "தட்டில் சோற்றைப் பிசைகிறாள், வாயில் வைக்கவில்லை" என்று சொல்ல வேண்டும். அதையும் இரண்டு வசனத்துக்கு நடுவே கிடைக்கிற மூச்சுவிடும் நேரத்துக்குள். பேசாமல் இருக்க வேண்டிய இடமும் உண்டு, மழைச் சத்தம் வந்தால் மழை என்று நான் சொல்வது வீண். இப்போது ஒரு படத்தை இரண்டு மூன்று தரம் பார்த்துக் குறிப்பு எழுதிக்கொண்டுதான் போகிறேன். மௌனப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் கதை சொல்லுவாராம். நூறு வருடம் கழித்து அந்த உத்தியோகம் எனக்குக் குசினிக்குள் கிடைத்திருக்கிறது.

இந்தியாவில் இதெல்லாம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், பெரிய ஹிந்திப் படம் ஒன்று இணையத்தில் வரும்போது எழுத்தும் குரல் விவரணையும் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அடுத்த வருடம் மத்திய அரசு திரையரங்குகளுக்கும் வழிகாட்டல் வெளியிட்டது. அது ஒழுங்காக நடந்தால் நம் பாடும் கொஞ்சம் குறையும், நாம் பார்க்கிற படங்களில் முக்கால்வாசி அங்கேயிருந்துதானே வருகிறது.

நேரத்தையும் மாற்றிவிட்டோம். ஆறரைக் காட்சிக்குக் கிண்ணியாப் பெண்கள் எப்படி வருவார்கள்? மாலை மஃரிப் தொழுகை, பிறகு கடைசி பஸ். 2009இல் கிண்ணியாப் பாலம் வர முன்பு, பாதைப் படகில் கடந்து இரண்டாம் காட்சி பார்க்க வந்து எங்கள் வீட்டு விறாந்தையில் படுத்தெழும்பிப் போன நம் வகுப்புப் பெடியன்களை நினைத்துப் பார், எல்லாம் ஆம்பிளைகள். இப்போது ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. நோன்பு மாதத்தில் படமே இல்லை. மலசலகூடக் கதவுக்குக் கொண்டியும் உள்ளே ஒரு பல்பும் போட்டோம். பெண்கள் வராததற்கு ரசனைதான் காரணம் என்று விளக்கம் சொல்லித் திரிந்தவர்களில் நானும் ஒருவன். கொண்டி போட்ட பிறகு அந்த விளக்கத்தை நான் எடுப்பதில்லை.

இன்னொன்று, நம் ஊருக்கென்று உள்ளது. ஒரு படத்தில் எச்சரிக்கை இல்லாமல் கடல் எழும்பி ஊருக்குள் வருகிற காட்சி. மூன்றாம் வரிசையில் ஓர் அக்கா எழும்பி வெளியே போனா. பின்னாலே போய்ப் பார்த்தேன், மாமரத்துக்குக் கீழே நின்றா. 2004இல் அவவுக்கு யார் போனது என்று நான் கேட்கவில்லை, தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது படம் தொடங்க முன்பு அதில் கடல் இருக்கிறது, வெடிச் சத்தம் இருக்கிறது, இத்தனையாவது நிமிடம் என்று சொல்லிவிடுகிறோம். கதை கெட்டுப்போகிறது என்கிறார்கள் சிலர். கெட்டால் கெடட்டும்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தனியாகச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு காட்சி. விளக்கு அரைவாசி எரியும், சத்தம் குறைவு, விளம்பரம் ஒன்றும் இல்லை, எழும்பி நடக்கலாம், கத்தலாம். அமெரிக்காவில் பெரிய தியேட்டர்களிலேயே 2007 தொடக்கம் இப்படி நடக்கிறதாம். ஒரு சின்னவன் படத்தைப் பார்க்கவே இல்லை. புரொஜெக்டர் வெளிச்சத்தில் தூசி பறப்பதைப் பார்த்தான், பிறகு கையை நீட்டினான். திரை முழுக்க ஐந்து விரல். தாய் முதல் பத்து நிமிடமும் எல்லாரிடமும் "சொறி, சொறி" என்றா. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று கண்டதும் பையைத் திறந்து ரோல்ஸை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினா.

சரிவராததும் இருக்கிறது. சிங்கள நண்பர்களுக்காகத் தமிழ், சிங்களம் இரண்டையும் கீழே போட்டோம். நாலு வரி எழுத்து, நடிகையின் தாடை வரை மறைந்துவிட்டது. சிங்களத்தை மேலே போட்டால் கழுத்து நோகிறது என்கிறார்கள். இப்போதைக்கு ஒரு மாதம் அந்த மொழி, ஒரு மாதம் இந்த மொழி என்று ஓட்டுகிறோம். நல்ல வழி ஒன்று உனக்குப் பட்டால் எழுது.

ஆடியில் வருகிறாய் என்று எழுதியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை ஒன்று நிற்கிற மாதிரிப் பார்த்து ரிக்கற் போடு. உனக்கு நடுவரிசையில் இடம் வைக்கிறேன், எழுத்து வடிவாகத் தெரியும். முன்வாசலில் போய்த் தட்டிக்கொண்டு நிற்காதே, அது பூட்டியிருக்கும். பக்க வாசலால் வா. மான் நின்றால் கொஞ்சம் பொறு, அது தானாக விலகும்.

வீட்டில் எல்லாருக்கும் என் அன்பைச் சொல்லு.

இப்படிக்கு,
உன் பழைய சைக்கிள் பார்க்காரன்