எதிரெதிர் திசையில் இரண்டு போன்கள்

மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பூம்பாறையில் எல்லோரும் சுகம். பனி இறங்கினால் அம்மாவுக்கு முட்டி வலி வரும், அது வருடா வருடம் உள்ளதுதான். பூண்டு பிடுங்கி முடித்தாயிற்று. கட்டுக் கட்டாக மேலே தொங்கவிட்டுப் புகை போட்டுக்கொண்டிருக்கிறோம். வீடு, போர்வை, என் சட்டை எல்லாம் ஒரே வாசம். 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்கள் பேர் சொல்லிக் கேட்கிறார்கள். ஆனால் வடுகபட்டிச் சந்தையில் விலை சொல்வது என்னவோ இன்னும் வியாபாரிதான். உன் பெரியவளுக்கு வேலை உறுதியானது பற்றி எழுதியிருந்தாய், படித்ததும் என் வீட்டுக்காரி உடனே கேசரி கிண்டிவிட்டாள். சாப்பிட்டது நாங்கள்தான்.

சரி, போன் விஷயத்துக்கு வருகிறேன். நீ ஐபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்கு இறங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். நான் போன மாதம்தான் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு ஏறினேன். காட் ரோட்டில் எதிரெதிரே வந்த இரண்டு பஸ் மாதிரி ஆகிவிட்டோம். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை விதி, அதனால் முதலில் என் கதையைக் கேள். ஏற்றம் இறக்கம் என்றது விலையைத்தான், தரத்தை இல்லை. கோபித்துக்கொள்ளாதே.

நானாக ஆசைப்பட்டு மாறவில்லை. பழைய போனில் பேட்டரி உப்பி, பின்மூடியையே தூக்க ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பாதுகாப்பு அப்டேட் வருவதும் எப்போதோ நின்றிருந்தது. பையன் பெங்களூரிலிருந்து வந்தபோது ஒரு ஐபோனைக் கையில் கொடுத்து, "அப்பா, இனிமேல் இதுதான்" என்றான். மாற்றித் தர உட்காருவான் என்று பார்த்தால், மறுநாள் காலை பஸ்ஸில் கிளம்பிவிட்டான். நல்லதுதான். நானே செய்ததால்தான் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தது.

எனக்கு இருந்த ஒரே கவலை வாட்ஸ்அப். சந்தைக்குப் போன மூட்டைகளின் எடைச்சீட்டு, வியாபாரி விலை சொன்ன வாய்ஸ் மெசேஜ், பாக்கிக் கணக்கு எல்லாம் அதில்தான் கிடக்கிறது. நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் போய் வருஷக்கணக்காகிறது. அந்தச் சாட் போனால் யார் எவ்வளவு தரவேண்டும் என்று நான் வாயால்தான் சொல்லவேண்டியிருக்கும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் டிரைவுக்குப் போகிறது. ஐபோனிலோ ஆப்பிளின் ஐகிளவுடுக்கு. ஒன்று எடுத்து வைத்ததை மற்றது திறக்காது. ராத்திரிதோறும் பேக்கப் எடுக்கிறதே, புதுப் போனில் நம்பரைப் போட்டால் எல்லாம் வந்து இறங்கிவிடும் என்று நம்பி உட்கார்ந்தால் ஒன்றும் வராது. 2022 வரைக்கும் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குச் சாட்டைக் கொண்டுபோக முறையான வழியே இல்லை. அந்த வருடம்தான் ஆப்பிளின் 'மூவ் டு ஐஓஎஸ்' செயலிக்குள் வாட்ஸ்அப்பையும் சேர்த்தார்கள். அந்தச் செயலி 2015-லிருந்தே இருக்கிறது, பழைய ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரிலிருந்து போட்டுக்கொள்ள வேண்டும்.

அதிலும் நேரம் பார்த்து நுழைய வேண்டும். நான் மாற்றியபோது, புது ஐபோனை முதல் முதலாக ஆன் செய்து மொழி, வைஃபை எல்லாம் கேட்டுக்கொண்டு வரும்போது 'ஆண்ட்ராய்டிலிருந்து தரவைக் கொண்டு வா' என்று ஒரு வரி வந்தது. அங்கேயே பிடித்துக்கொண்டேன். அதைத் தாண்டிப் போனை உபயோகிக்க ஆரம்பித்துவிட்டால், அப்புறம் எல்லாவற்றையும் அழித்து ஆரம்பத்திலிருந்து வரவேண்டும். என் அக்கா மகன் அப்படித்தான் படம் எடுத்து, பாட்டு இறக்கி, ஊரெல்லாம் காட்டிவிட்டுப் பிறகு வாட்ஸ்அப்பைத் தேடினான். அவனுக்குப் பழைய சாட்டை விட புதுப் படங்கள் பெரிதாகத் தெரிந்தன, அப்படியே விட்டுவிட்டான். வயது அப்படி.

வேலை நடக்கிறபோது இரண்டு போனும் சார்ஜரில் இருக்க வேண்டும். ஐபோன் தானே ஒரு வைஃபையைத் திறந்து, திரையில் ஒரு எண்ணைக் காட்டும். அதைப் பழைய போனில் அடித்தால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். பழைய போனில் நடுவில் வேறு செயலிக்குப் போகக் கூடாது. நான் சிம்மையே கழற்றி வைத்துவிட்டேன். எங்கள் ஊரில் மழை என்றால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அதனால் வெயில் அடித்த ஒரு நாளாகப் பார்த்துச் செய்தேன். திரையில் ஓடுகிற நிமிடக் கணக்கை நம்பாதே, அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கோடு நிறைந்து, ஐபோன் தானாக 'முடிந்தது' என்று சொல்லும்வரை கையை வைக்காமல் இருப்பதுதான் இதில் பெரிய வேலை.

தொடர்பு எண்கள், எஸ்எம்எஸ், காலண்டர், போனுக்குள் இருந்த படங்கள் எல்லாம் வந்துவிட்டன. 2018-ல் குறிஞ்சி பூத்தபோது நீயும் நானும் எடுத்த படங்கள் நினைவிருக்கிறதா? அதில் பாதி வந்தது, பாதி வரவில்லை. காரணம் எளியது. இடம் போதவில்லை என்று நடுவில் எப்போதோ போனிலிருந்து அழித்தவை கூகுள் போட்டோஸில் மட்டும்தான் இருந்தன. போனில் இருப்பது மட்டுமே போனிலிருந்து போகும். ஐபோனில் கூகுள் போட்டோஸ் செயலியைப் போட்டதும் மீதியும் தெரிந்தது. அடுத்து குறிஞ்சி பூப்பது 2030-ல். அப்போது எந்தப் போன் வைத்திருப்போமோ.

படம் என்றதும் இன்னொன்று. ஐபோன் எடுக்கிற படம் ஜேபெக்கில் இல்லை, ஹெச்ஈஐசி என்று ஒரு வடிவம். 2017-லிருந்து அப்படித்தான். இடம் மிச்சமாகும், ஆனால் அம்மாவின் படம் ஒன்றை பிரிண்ட் போட மூஞ்சிக்கல் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தால் அவர்கள் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. கேமரா செட்டிங்ஸில் ஃபார்மட்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைத் தேர்ந்தால் அதற்கப்புறம் எடுப்பதெல்லாம் ஜேபெக்.

இதை அந்த ஸ்டுடியோ வாசலில் நின்று யோசித்தபோது, மேலே இருக்கிற கொடைக்கானல் வானாய்வகம் ஞாபகத்துக்கு வந்தது. 1899-ல் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனை நாள்தோறும் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய தட்டுகளை இப்போது ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றி, உலகம் முழுக்க ஆராய்ச்சிக்காரர்கள் பார்க்கிறார்கள். 1909-ல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டுபிடித்ததும் இந்த மலையில்தான். எவ்வளவு கருவி மாறியிருக்கும், எவ்வளவு பேர் மாறியிருப்பார்கள்! படம் நிற்கிறது. என் பூண்டுச் சீட்டு மூன்று வருஷம் தாங்குமா என்று நான் பயந்துகொண்டிருக்கிறேன். அன்று முதல் பாக்கிக் கணக்கை மட்டும் மறுபடி நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

அப்புறம் பணம். ஜிபே, வங்கிச் செயலி எதுவும் தானாக வராது. வரக்கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். யுபிஐ உன் சிம்மோடும் போனோடும் சேர்த்துக் கட்டப்பட்டது. புதுப் போனில் போட்டால் அந்தச் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போய், இந்த நம்பர் இந்தப் போனில்தான் இருக்கிறது என்று உறுதிப்படுத்த வேண்டும். ஆண்ட்ராய்டில் அனுமதி கொடுத்தால் செயலியே அனுப்பிவிடும். ஐபோன் அதற்கு விடாது, எழுதி வைத்த மெசேஜைக் காட்டும், நாம்தான் அனுப்பு பொத்தானை அழுத்த வேண்டும். சிம்மில் எஸ்எம்எஸ் போக பேலன்ஸ் இருக்கிறதா என்று முன்னாடியே பார்த்துக்கொள். என் வங்கி புதுப் போன் என்பதால் முதல் மூன்று நாள் ஐயாயிரத்துக்கு மேல் அனுப்ப விடவில்லை. ஆண்ட்ராய்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாளில் சரியாகிவிடுமாம். கூலி கொடுக்கிற வாரத்தில் மட்டும் போன் மாற்றாதே என்று ஊரில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பூண்டு பிடுங்க வந்தவர்களுக்குக் கொடுக்க நான் கொடைக்கானல் வரைக்கும் போய் ஏடிஎம்மில் பணம் எடுத்து வந்தேன்.

தமிழில் தட்டச்சு எப்படி என்று கேட்டிருந்தாய். நான் பயந்த அளவுக்கு இல்லை. 2013-ல் வந்த ஐஓஎஸ் 7-லிருந்தே தமிழ்99, அஞ்சல் என்று இரண்டு விசைப்பலகை ஐபோனுக்குள்ளேயே இருக்கிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த முரசு அஞ்சல்தான் அந்த அஞ்சல். நான் தமிழ்99 ஆள். ஆண்ட்ராய்டில் பழகிய விரல் இங்கேயும் அப்படியே ஓடுகிறது. இந்தக் கடிதத்தில் பாதியை இதில்தான் அடித்தேன். எந்தப் பாதி என்று கண்டுபிடி பார்ப்போம்.

வராதவையும் உண்டு. அண்ணன் மகன் எனக்காகச் செய்து கொடுத்த எடைக் கணக்குச் செயலி ஆண்ட்ராய்டுக்கு மட்டுமான ஏபிகே கோப்பு, ஐபோனில் அதை ஏற்ற வழியில்லை. காசு கொடுத்து வாங்கிய செயலிகளுக்கு இங்கே மறுபடியும் காசு. பின்னால் போகிற பொத்தானைக் கட்டைவிரல் இன்னும் கீழே தேடுகிறது. ஐபோனில் திரையின் இடது ஓரத்திலிருந்து தள்ள வேண்டும், சில செயலியில் மேலே மூலையில் ஒரு அம்புக்குறியைத் தொட வேண்டும். வீட்டுக்காரி ஒரு நாள் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல உள்ள போகத்தான் வழி, வெளிய வர வழி இல்ல போல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவள் போனைத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அது கம்பெனிகளைப் பற்றிச் சொன்ன மாதிரி இருந்தது. கவனித்துப் பார், 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப்பிள் செய்தது. 2022-ல் ஆண்ட்ராய்டுக்கு ஆள் கூப்பிட 'ஸ்விட்ச் டு ஆண்ட்ராய்டு' என்று ஒன்றைச் செய்தது கூகுள். அவரவர் வாசலை அவரவர் அகலப்படுத்துகிறார்கள், அனுப்பி வைக்க ரொம்ப நாளாக யாருக்கும் அவ்வளவு ஆர்வம் இருந்ததில்லை. அதனால் நீ போகிற திசையில் எதையெல்லாம் முதலில் பார்க்க வேண்டும் என்று பையனைக் கேட்டு எழுதுகிறேன்.

சிம்மைக் கழற்றும் முன்பு ஐபோனில் ஐமெசேஜை, அதாவது ஐபோன்காரர்கள் தங்களுக்குள் மெசேஜ் அனுப்பிக்கொள்கிற வசதியை, அணைத்துவிடு. இல்லாவிட்டால் மற்ற ஐபோன்காரர்கள் உனக்கு அனுப்புவது பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும், அவர்களுக்கோ போய்ச் சேர்ந்ததாகத் தோன்றும். வாட்ஸ்அப்புக்கு, ஐபோனில் செட்டிங்ஸுக்குள் சாட்ஸில் 'மூவ் சாட்ஸ் டு ஆண்ட்ராய்டு' இருக்கிறது. உன் ஐபோன் பழைய லைட்னிங் வாய் உள்ளது, ஒரு முனை லைட்னிங்கும் மறுமுனை சி டைப்பும் உள்ள ஒயர் தேவைப்படும். திருப்பூரில் கிடைக்காத ஒயர் இல்லை. ஆனால் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவு ஒயராக வாங்கிவிடாதே, டேட்டாவும் போகவேண்டும். புது ஆண்ட்ராய்டை ஆன் செய்கிற முதல் தடவையே இதைச் செய், அங்கேயும் இதே நேரக் கணக்குதான்.

படங்கள் ஐகிளவுடில் இருந்தால் ஆப்பிளின் தனியுரிமைப் பக்கத்தில் போய்க் கேட்கலாம், அவர்களே கூகுள் போட்டோஸுக்கு ஒரு நகலை அனுப்புவார்கள். மூன்றிலிருந்து ஏழு நாள் ஆகும் என்கிறார்கள். இந்த விஷயத்தில் அனுப்பி வைக்கிற கதவு உண்மையிலேயே திறந்திருக்கிறது. ஆனால் கூகுளில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதிலேயே உன் மெயிலும் சேர்த்தி. ஐகிளவுடின் 5 ஜிபி போதவில்லை என்றுதான் நீ மாறுவதாக எழுதியிருக்கிறாய். படம் எடுக்கிற உன் வேகத்துக்கு அங்கேயும் ஒரு நாள் காசு கேட்கத்தான் போகிறார்கள். அதை மட்டும் காரணமாக வைத்து மாறாதே. கையில் கட்டியிருக்கிற ஆப்பிள் வாட்சையும் யோசி. அது ஆண்ட்ராய்டோடு சேராது. மகள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது, அதைக் கழற்றி வைத்தால் அவளிடம் என்ன சொல்வாய்?

எது நல்ல போன் என்று கேட்டால், எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மன்னவனூரில் விடியற்காலை உறைபனிக்கு எந்தப் போனை வெளியே வைத்தாலும் சார்ஜ் மடமடவென்று இறங்குகிறது. லித்தியம் பேட்டரி குளிரில் மந்தமாகும், ஆப்பிளே 0 முதல் 35 டிகிரி வரை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள்கிறேன். உப்பிய பேட்டரியைக் கடைக்காரரிடம் கொடுத்து மாற்றிக்கொண்டேன், பழைய போனை இன்னும் அழிக்கவில்லை. நீயும் ஒரு மாதமாவது அழிக்காமல் வை. எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் இவ்வளவு குறையும் என்று கடையில் ஆசை காட்டுவார்கள், அந்தத் தொகைக்காக அன்றைக்கே கொடுத்துவிட்டு வராதே.

பூண்டு உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். வத்தலக்குண்டு வரை பஸ்ஸில் போட்டுவிடட்டுமா, இல்லை நீயே குடும்பத்தோடு வருகிறாயா? காரில் வருவதாக இருந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் அந்த நடைமுறை இருக்கிறது. போன் மாற்றுவதற்கு முன்னாலேயே எடுத்து, தாளில் ஒரு பிரதியும் வைத்துக்கொள். தேதியை எழுது.

உன் பழைய ஹாஸ்டல் கூட்டாளி