ஆண்டறிக்கை: களஞ்சியத்துக்குள் ஒரு குளம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிருவாக சபையினரே, அங்கத்தவர்களே,

ஓவியத்துக்கு ஒரு நாள், கூத்துக்கு ஒரு நாள், மின்சார வேலை தெரிந்த பிள்ளைகளுக்கு ஒரு நாள் என்று விழாவைக் கூறுபோடுவதை இந்த ஆண்டு நிறுத்துவதென்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். எல்லோரும் ஒரே கூரையின் கீழ், ஒரே விடயத்தைப் பற்றிச் செய்ய வேண்டும். விடயம் இரணைமடுக் குளம். கிளிநொச்சியில் இருந்துகொண்டு வேறு எதைத் தெரிவு செய்வது?

ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அறிவித்தலில் என்னைத் ‘தொகுப்பாளர்’ என்று போட்டதால், தொடக்க நாளன்று ஒலிவாங்கியைக் கையில் தந்துவிட்டு எல்லோரும் கதிரையில் அமர்ந்துவிட்டார்கள். அடுத்த முறைக்கு வேறு சொல் தேட வேண்டும்.

தருவதாகச் சொன்ன மண்டபம் கடைசி வாரத்தில் கிடைக்காமற் போனது. பெயர் வேண்டாம். பழைய நெற்களஞ்சியம் ஒன்றை அங்கத்தவர் ஒருவர் திறந்து தந்தார். எலிப் புழுக்கை கூட்டவே இரண்டு நாள் போயிற்று.

வழக்கமாக நாங்கள் மின்னியல் தெரிந்த பிள்ளைகளை முதல் நாள் இரவுதான் கூப்பிடுவோம், வயர் இழுக்க. 1966இல் நியூயோர்க்கில் ரொபேர்ட் ரவுஷன்பேர்க் முதலான 10 கலைஞர்களும், பில்லி குளூவர் அழைத்து வந்த ஏறத்தாழ 30 பொறியியலாளர்களும் மாதக்கணக்கில் சேர்ந்திருந்து மேடை நிகழ்வுகளை ஆக்கினார்கள். அதைப் படித்த பிறகு, தொடக்கத்திலேயே கலைஞர் ஒருவருக்குத் தொழினுட்பம் தெரிந்த ஒருவர் என்று இணைத்துவிட்டேன். இரண்டு சோடி சண்டை பிடித்துப் பிரிந்தது. மற்றவை நிலைத்தன.

அவற்றில் துருசு, அதாவது குளத்திலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு, அதன் ஒலிப்பதிவைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிறுபோக நெற்செய்கைக்குத் தண்ணீர் விட்ட நாட்களில் கைத்தொலைபேசியால் பதிந்தபோது காற்றின் இரைச்சலே விழுந்தது. பிறகு நாணயம் அளவான பித்தளைத் தகடு ஒன்றைத் துருசின் இரும்புத் தண்டில் ஒட்டினார்கள். பிறந்தநாள் வாழ்த்து அட்டைக்குள் பாட்டுப் பாடும் அதே வகைத் தகடுதான். அதிர்வு கொடுத்தால் மின்னழுத்தம் தரும். காற்றை விட்டு இரும்பின் வழியாகக் கேட்டபோது தண்ணீர் வேறு குரலில் பேசியது: அடித்தொண்டையில் ஒரு முனகல், நடுவே கல் உருளுவது போன்ற தட்டல். வாய்க்கால் பார்க்கும் ஐயாவின் காதில் அதைப் போட்டோம். கண்ணை மூடிக் கேட்டவர், “தம்பி, இது முழுதாகத் திறந்த தண்ணீர் இல்லை, பாதிக்கும் குறைவு” என்றார். அன்றைய திறப்பு அப்படித்தான் இருந்தது.

அடுத்தது பீப்பாய். குளம் நிரம்பும் மட்டம் 36 அடி என்பதால் 36 சிறு விளக்குகளை ஒரு மூங்கிலில் பதித்து, கீழே பீப்பாயும் செம்பும் வைத்தோம். வருபவர் தண்ணீர் ஊற்ற ஊற்ற விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறும். மேலே பொருத்திய உணரி 40,000 ஹேர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு மட்டத்தைக் கணிக்கும். மனிதக் காது 20,000உடன் நின்றுவிடும். களஞ்சியத்து நாய் உள்ளே வராததற்கு அதுதான் காரணம் என்று பிள்ளைகள் அடித்துச் சொல்கிறார்கள். நாய்க்கு அன்று சோறு வைக்காததே காரணம் என்பது என் எண்ணம். 2018 டிசெம்பரில் குளம் நிரம்பி, மிகை நீரை வெளியேற்றும் வான் கதவுகள் திறக்கப்பட்டபோது வீட்டுக்குள் வெள்ளம் புகக் கண்ட தாய் ஒருவர், 30ஆவது விளக்கோடு செம்பைக் கீழே வைத்துவிட்டார். ஊற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அந்தப் பீப்பாய்க்கு எதிர்ச்சுவரில் ஏழு வெள்ள ஓவியங்கள் தொங்க இருந்தன. மூன்றாகக் குறைத்து, வேறு சுவருக்கு மாற்றினேன். ஓவியர் இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை. ஓவியத்தில் குறை இல்லை. விளக்கு சொல்வதையே ஓவியமும் அருகிருந்து உரத்துச் சொன்னால் இரண்டும் கெடும். இந்த முடிவில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

சுவருக்கு இந்தப் பக்கம் ஓவியம், அந்தப் பக்கம் பாய் என்று பிரிக்கலாம். ஒலியை அப்படிப் பிரிக்க முடியாது. சீமெந்துச் சுவரில் மோதித் திரும்பிய துருசு முனகல், மறுகோடியில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளத்தை விழுங்கியது. பன்பாய்களை ஒலிபெருக்கியின் பின்னால் தொங்கவிட்டோம். மெல்லிய பாய் கீச்சொலியைக் கொஞ்சம் குடிக்கும், முனகலை ஒன்றும் செய்யாது. போதாக்குறைக்கு, தங்கள் வேலையைத் திரைச்சீலையாக்கிவிட்டோம் என்று பாய் இழைத்த பெண்கள் கோபித்தார்கள், நியாயமான கோபம். பாய்களை வாசலுக்கு நேரே கொண்டுவந்து, மூலைகளில் வைக்கோல் அடைத்த சாக்குகளை அடுக்கினோம். கால்மணிக்கு ஒருமுறை ஒலிபெருக்கி நிற்கும், மத்தளம் தொடங்கும். அண்ணாவியார் இந்த ஏற்பாட்டுக்கு அரைமனதோடுதான் இணங்கினார்.

அறிவியல்நகர் பொறியியற் பீட மாணவர்கள் விடுமுறை நாட்களில் வந்து உதவினார்கள். அவர்களுக்கு நன்றி. ஓவியப் போட்டி வழமைபோல் நடந்தது. சிரமதானம் ஒருமுறைதான். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

கடைசியாக இரண்டு விடயங்கள். ஒலிபெருக்கி கோயிலுக்குரியது, பொங்கலுக்கு முன் ஒப்படைக்க வேண்டும். வாசலில் தொங்கிய பாய்களில் இரண்டைக் காணவில்லை. எடுத்துப் போனவர் படுத்து எழும்பியிருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவந்து தரவும்.

செயலாளர்